நரம்புக்கு ஜப்பான் வைத்த பெயர்

ஜப்பானிய மொழி கற்றுவரும் வாசகி ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். சீனமும் ஜப்பானியமும் வெவ்வேறு குடும்பத்து மொழிகள். அப்படியிருந்தும் நரம்பு என்பதை இரண்டிலும் அதே இரண்டு எழுத்துகளால்தான் எழுதுகிறார்கள். சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன சொல்தானே இது என்று கேட்கிறார்.

எழுத்துகள் அப்படித்தான் போயின. சொல் மட்டும் எதிர்த்திசையில் பயணம் செய்தது. ஜப்பானியர் 'ஷின்கெய்' என்றும் சீனர் 'ஷென்ஜிங்' என்றும் வாசிக்கும் இந்தக் கூட்டுச்சொல், 1774-இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், வெளியான ஓர் உடற்கூறியல் நூலில் பிறந்தது.

1771-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் எடோவின் கொசுகாப்பரா கொலைக்களத்தில், தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடலை அறுத்துக் காட்டினார்கள். அறுத்தவர் அந்த வேலையில் பழகிய முதியவர். மருத்துவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களில் சுகிதா கென்பக்கு, மயேனோ ரியோத்தாக்கு இருவரிடமும் ஒரே டச்சுப் புத்தகத்தின் பிரதி ஆளுக்கொன்று இருந்தது. ஜெர்மானியரான குல்முஸ் எழுதிய உடற்கூற்று நூலின் டச்சு மொழிபெயர்ப்பு அது. நுரையீரலுக்கு ஆறு மடல், இரண்டு காது; கல்லீரலுக்கு இடப்புறம் மூன்று மடல், வலப்புறம் நான்கு என்று சீன மருத்துவ நூல்களில் அவர்கள் படித்திருந்தார்கள். உடலுக்குள் அப்படி எதுவும் இல்லை. டச்சுப் புத்தகத்தின் படங்களோ கண்முன் கிடந்த உறுப்புகளோடு அச்சாகப் பொருந்தின. மறுநாளே மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தக் குழுவில் ரியோத்தாக்குவுக்கு மட்டுமே ஓரளவு டச்சு தெரியும். கென்பக்குவுக்கு எழுத்துகளே தெரியாது. சரியான அகராதியும் கிடையாது. அந்த நிலையில், படியைத் திரும்பத் திரும்ப 11 முறை எழுதி நூலை முடித்தார்கள்.

சொற்களை மூன்று வழிகளில் கொண்டுவந்ததாக நூலின் முன்குறிப்பே சொல்கிறது. எலும்பு போல ஏற்கெனவே பெயர் உள்ளவற்றுக்கு அந்தப் பெயரையே இட்டார்கள். குருத்தெலும்புக்குப் பொருளைப் பிடித்து 'மென்மை' 'எலும்பு' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார்கள். எதுவும் பிடிபடாத இடத்தில் டச்சு ஒலியை அப்படியே எழுதினார்கள். சுரப்பி அப்படித்தான் 'கிரியிரு' ஆனது. அது நிலைக்கவில்லை. 1805-இல் உதகாவா கென்ஷின் என்ற மருத்துவர், உடலைக் குறிக்கும் எழுத்துறுப்பையும் 'ஊற்று' என்ற எழுத்தையும் இணைத்துச் சுரப்பிக்கென்று ஒரு புது எழுத்தையே படைத்தார். ஜப்பானில் பிறந்த அந்த எழுத்தைச் சீனர்களும் இன்று பயன்படுத்துகிறார்கள்.

நரம்புதான் பெரிய சிக்கலாக இருந்தது. உலகின் பல மொழிகள் நரம்புக்குத் தோற்றத்தை வைத்தே பெயரிட்டன. கிரேக்க மொழியின் 'நியூரான்' முதலில் தசைநாரையும் நாணையும் குறித்தது. டச்சுச் சொல்லும் தசைநாரிலிருந்து வந்ததுதான். தமிழில் யாழின் தந்தியும் நரம்பு, கையில் புடைத்துத் தெரியும் இரத்தக்குழாயும் நரம்பு. கிழக்காசிய மருத்துவத்திலோ நரம்பு என்ற தனி உறுப்பே கிடையாது. மனத்தின் இருப்பிடம் இதயம். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் புறப்படும் வெண்ணிறமான, உறுதியான ஒன்று என்பதை டச்சுப் புத்தகத்திலிருந்து கென்பக்கு புரிந்துகொண்டார். அதற்கு என்ன பெயர் வைப்பது?

தம் வாசகர்களான மருத்துவர்கள் அறிந்த இரண்டு சொற்களை எடுத்தார். ஒன்று 'ஷின்கி': உணர்வையும் அறிவையும் இயக்கும் உயிராற்றல். மற்றொன்று 'கெய்ம்யாக்கு': உடலெங்கும் அந்த ஆற்றல் ஓடுவதாகக் கருதப்பட்ட தடங்கள். ஒவ்வொன்றின் தலையெழுத்தையும் கிள்ளி ஒட்டினார். ஷின்கெய், உயிராற்றலின் தடம். பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயராக்கினார். அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இரண்டாவது எழுத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அதன் இடப்பக்கம் நூலைக் குறிக்கும் உறுப்பு. இந்த எழுத்தின் பழைய பொருள் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு. பாவு நெடுக ஓடுவதால் தடம் என்ற பொருள் வந்தது. உடலின் ஆற்றல் தடங்களுக்கும் பூமியுருண்டையின் தீர்க்கரேகைக்கும் அதே எழுத்து. துணிக்குப் பாவு போல வாழ்வைத் தாங்குவது என்பதால் கன்பூசியரின் மூலநூல்களும் அந்தப் பெயரைப் பெற்றன. பிறகு இந்தியாவிலிருந்து பௌத்த சூத்திரங்கள் வந்தபோது அவற்றுக்கும் அதே எழுத்தையே சூட்டினார்கள். சூத்திரம் என்றாலும் நூலிழைதானே! இழைக்கும் புத்தகத்துக்கும் 'நூல்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது எளிதில் புரியும். தோற்றத்தைக் கைவிட்டுக் கென்பக்கு உருவாக்கிய சொல்லுக்குள்ளும் ஓர் இழை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் எழுத்து தெய்வத்தையும் உயிராற்றலையும் குறிப்பது. அதன் வலப்பாதி பண்டைக் காலத்தில் மின்னலின் வடிவமாக வரையப்பட்டது என்பது அறிஞர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. மின்சாரத்துக்கான எழுத்திலும், மழையைக் குறிக்கும் உறுப்பின் கீழே அதே மின்னல் இருக்கிறது. நரம்பில் ஓடுவது மின்குறிப்பு என்பது நமக்குத் தெரியும். மின்சாரத்தால் தவளைக் கால் துடிக்கும் சோதனைகளை இத்தாலிய அறிஞர் கால்வானி வெளியிட்டது 1791-இல். சோடியம், பொட்டாசியம் அயனிகள் நரம்பிழையின் சவ்வைக் கடந்து அந்தக் குறிப்பை உண்டாக்கும் விதத்தை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் விளக்கியது 1952-இல். ஆகவே முன்னோர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து நம்பாதீர்கள். இது தற்செயல். கென்பக்குவுக்கு மின்சாரம் தோன்றியிருக்க வழியில்லை. அன்றைய ஐரோப்பாவே நரம்புக்குள் ஏதோ உயிர்த்திரவம் ஓடுவதாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. பழைய எழுத்தில் புதிய அறிவியலைத் தேடிக் கண்டெடுப்பது, 11 முறை எழுதிப் பார்த்தவர்களின் உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை.

சீனாவில் இந்தச் சொல் எளிதாக வென்றுவிடவில்லை. ஆங்கிலேய மருத்துவ மிஷனரி பெஞ்சமின் ஹாப்சன் 1851-இல் குவாங்சோவில் வெளியிட்ட நூலில் 'மூளை', 'உயிர்மூச்சு', 'தசைநார்' என மூன்று எழுத்துகளைக் கோத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் யென் ஃபூ ஆங்கில ஒலியையே எழுதிப் பார்த்தார். 1895-இல் ஜப்பானிடம் போரில் தோற்ற பிறகு சீன மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள். திரும்பும்போது பாடப்புத்தகங்களோடு அவற்றின் சொற்களையும் கொண்டுவந்தார்கள். எழுத்துகள் தங்களுடையவை என்பதால் அந்நியமாகத் தோன்றவில்லை. கொரியாவும் வியட்நாமும் இதே சொல்லைத் தத்தம் உச்சரிப்பில் ஏற்றுக்கொண்டன.

ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள், துறை அறிந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஷின்கெய் நிலைத்ததற்குக் காரணம் அது ஒரு சொற்பட்டியலில் கிடக்கவில்லை என்பதுதான். உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், மருத்துவர்களுக்காக எழுதிய, படங்களுள்ள புத்தகத்துக்குள் அது இருந்தது.

புழக்கத்தில் வந்த பிறகு சொல் இரண்டு நாடுகளிலும் வேறு வேறு நிறம் பூண்டது. ஜப்பானில் 'ஷின்கெய்ஷித்சு' என்றால் சின்ன விஷயத்துக்கும் அலட்டிக்கொள்ளும் சுபாவம். நரம்பே இல்லாதவர் என்று பொருள்படும் 'முஷின்கெய்', பிறர் மனம் நோகுமே என்று எண்ணாதவரைக் குறிக்கும். சீனத்தில் 'ஷென்ஜிங்பிங்', அதாவது நரம்பு நோய், 'உனக்கென்ன பைத்தியமா' என்று திட்டும் சொல்லாகிவிட்டது. இந்தக் குழப்பம் மருத்துவமனை வாசல் வரை வருகிறது. பக்கவாதத்துக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் சிகிச்சை தரும் நரம்பியல் பிரிவை மனநலப் பிரிவு என்று ஜப்பானியர் பலர் எண்ணியதால், அந்நாட்டின் நரம்பியல் கழகம் 2017-இல் பிரிவின் பெயரையே மாற்ற முடிவு செய்தது. ஷின்கெய்க்கு முன்னால் 'மூளை' என்ற எழுத்தைச் சேர்த்தார்கள்.