வகுக்காமல் மீதி எடுப்பது

வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2இன் 136,279,841ஆம் வலுவில் 1ஐக் கழித்தால் வருவது முதன்மை எண்ணாம் (1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்), சேர். அதை எதெதால எல்லாம் வகுத்துப் பார்த்தவை?"

வகுத்துப் பார்த்து முடிவுசெய்யவில்லை, பிள்ளை. 2024 ஒக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த அந்த எண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள். வினாடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகலாய் வாசித்தாலே 474 நாளுக்கு மேல் செல்லும். அதை முதன்மை எண் என்று உறுதிசெய்தது, பிரான்சின் கணிதவியலாளர் லூக்கா 1870களில் தொடங்கி, அமெரிக்காவின் லேமர் 1930இல் செப்பனிட்ட சோதனை.

4இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுக்க வரும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பவும் வர்க்கியுங்கள். வலுவை விட இரண்டு குறைவான தடவைகள் செய்ததும் 0 வந்தால் அது முதன்மை எண், வராவிட்டால் இல்லை. (2இன் ஒரு வலுவில் 1 குறைந்த எண்களுக்கு மட்டுமே இந்தச் சோதனை; அந்த வலு ஓர் ஒற்றை முதன்மை எண்ணாக இருக்கவேண்டும்.)

மீதிக்கு வகுக்கத்தானே வேண்டும் என்பீர்கள். வேண்டாம்! இந்தச் சோதனையில் எனக்கு ஆகப் பிடித்த இடம் அதுதான்.

31ஐ எடுப்போம், அது 2இன் 5ஆம் வலுவில் ஒன்று குறைவு. 32ஐ 31ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே எங்கே ஒரு 32 கிடந்தாலும் அதை 1 என்றே எண்ணலாம். 4, 14, 194 என்று போகிறோம். 194 துவிதத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதினால், 11000010. வலப்பக்கத்து ஐந்து இலக்கங்களை வெட்டுங்கள்: 110, 00010. இடத்துண்டு 6, அதாவது ஆறு 32கள்; வலத்துண்டு 2. கூட்டினால் 8. வகுத்துப் பாருங்கள், மீதி அதே 8. அடுத்தது 8இன் வர்க்கத்தில் 2 குறைய 62, அதாவது 111110. வெட்டினால் 1உம் 30உம்; கூட்டினால் 31. மீதி 0. மூன்றே படியில் 31 முதன்மை எண் என்று முடிந்தது. சேலையை மடிப்பதுபோல, எவ்வளவு நீள எண்ணையும் மடித்துக் கூட்டினால் போதும். கணினிக்கு இது மிக லேசான வேலை.

கொழும்பில் வாகனம் வாங்கமுன் எண்சாத்திரம் பார்க்கிறவர்கள் செய்வதும் இதே மடிப்புத்தான். 4871 என்றால் கூட்டி 20, பிறகு 2. 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், அந்த 2 என்பது 4871ஐ 9ஆல் வகுக்க வரும் மீதி. விபத்தும் யோகமும் அதில் எங்கேயும் இல்லை. பிள்ளையின் ரியூசன் காசை அதற்குக் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இன்னொன்று. விடை 0 இல்லையென்றால், எந்த எண்ணால் வகுபடும் என்று சோதனை சொல்லாது. 2இன் 67ஆம் வலுவில் 1 குறைந்த எண் முதன்மை எண் அல்ல என்று லூக்கா 1876இலேயே காட்டிவிட்டார். காரணிகளை அமெரிக்கரான கோல் 1903இல்தான் வெளியிட்டார்: 193,707,721 × 761,838,257,287.