ஆறு பெட்டியிலும் சத்தம் வந்தால் அது சரவுண்டா?

"புது ரிசீவர் வாங்கிடலாமாண்ணே?" வீட்டு ஒலியமைப்பைப் பார்க்கச் சொல்லி என்னை அழைக்கும் பலர் பேச்சைத் தொடங்குவதே இப்படித்தான். சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் விலைகூட விசாரித்து வைத்திருப்பார்கள். டிவிக்குப் பக்கத்தில் படம் பார்ப்பதற்கென்றே ஒரு கணினி, அதிலிருந்து வரும் ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர், சோபாவைச் சுற்றி 5.1 ஸ்பீக்கர் (ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ஒலிக்கான ஒரு சப்வூஃபரும்) என எல்லாம் முறையாகத்தான் இருக்கும். ஆனால் படம் போட்டால் முன்னாலிருக்கும் இரண்டு மட்டும் பாடும், இல்லையென்றால் எல்லாப் பெட்டியிலும் ஒரே சத்தம் வரும்.

ரிசீவர் கெட்டுப்போய் சரவுண்ட், அதாவது சுற்றிலும் தனித்தனியாக வரும் ஒலி, நின்ற வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. கணினிக்கும் ரிசீவருக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் ஆறு சேனல் (ஒவ்வொரு பெட்டிக்குமான தனி ஒலி) இரண்டாகச் சுருங்கியிருக்கும். அந்த இடத்தைத் தேடத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், ரிசீவரின் முகப்பிலுள்ள சின்னத் திரை போதும்.

படம் ஓடும்போது அதைப் பாருங்கள். 'டால்பி டிஜிட்டல்', 'டிடிஎஸ்', 'மல்டி சேனல்' என்று தெரிந்தால் உள்ளே வருவது சரவுண்ட்தான். வெறும் 'பிசிஎம்' (சுருக்கப்படாத ஒலி) அல்லது 'ஸ்டீரியோ' என்றால் பெரும்பாலும் இரண்டே சேனல்தான் வந்து சேர்கிறது. 'ஆல் சேனல் ஸ்டீரியோ', 'புரோ லாஜிக்' என்று காட்டினால், வந்த இரண்டு சேனலை ரிசீவரே எல்லாப் பெட்டிக்கும் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். பின்னால் சத்தம் வருகிறதே என்று பலர் திருப்திப்பட்டுக்கொள்வது இங்கேதான். கார் இடமிருந்து வலம் பாய்ந்து முதுகுக்குப் பின்னால் போவது இந்தப் பகிர்வில் சரியாக வராது.

கோப்பையும் சந்தேகப்பட வேண்டும். பெயரில் 5.1 என்று எழுதியிருப்பதெல்லாம் 5.1 ஆகிவிடாது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் உள்ளே இரண்டு சேனலா, ஆறு சேனலா என்று சொல்லிவிடும். இன்னொன்று, தயவுசெய்து டி.எம்.எஸ். பாட்டைப் போட்டு சரவுண்டைச் சோதிக்காதீர்கள். அவருடைய அறுபதுகளின் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை, பின்னால் அனுப்ப அதில் தனியாக ஒன்றும் கிடையாது.

அதிகக் குழப்பம் ஆப்டிகல் கேபிளில்தான். சிவப்பு வெளிச்சம் தெரியும் அந்த மெல்லிய வயரை 1983இல் டோஷிபா தன் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்தது. சிடிக்கு இரண்டு சேனல் போதும். இன்றும் சுருக்கப்படாத ஒலியாக அனுப்பினால் வீட்டு ஆப்டிகல் வழியில் இரண்டு சேனல்தான் போகும். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போலச் சுருக்கிக் கட்டிய 5.1 அப்படியே போய்விடும், ரிசீவர் அதைப் பிரித்துக்கொள்ளும். ப்ளூ-ரேயிலுள்ள டால்பி ட்ரூஎச்டிக்கு இந்த வழியில் இடமே இல்லை.

தோ பாயோவில் ஒரு வீட்டில் இளைஞர் ஒருவர் வயரில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னார். "ஒரு படத்துக்கு வருதுண்ணே, அடுத்த படத்துக்கு வரமாட்டேங்குது. லூஸ் கனெக்‌ஷன்தான்." அவர் வீட்டு ரிசீவரின் திரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் போட்டோம். முதல் படத்துக்கு 'டால்பி டி', அடுத்ததற்கு 'பிசிஎம்'. முதல் கோப்பில் இருந்தது டால்பி ஒலித்தடம், இரண்டாவதில் ஏஏசி என்ற வேறொரு சுருக்க முறையில் 5.1. ஏஏசியைக் கணினியே பிரித்துவிடுகிறது. பிரித்த ஆறு சேனலும் ஆப்டிகலில் ஏறாததால் இரண்டாகச் சுருக்கி அனுப்புகிறது. அவர் பயன்படுத்தியது 'கோடி' (Kodi) என்ற படம் போடும் மென்பொருள். அதன் ஆடியோ அமைப்பில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்றே வைத்து, பாஸ்த்ரூவை (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) இயக்கி, டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்கையும் (மற்ற ஒலியை டால்பியாக மாற்றிக் கட்டுவது) இயக்கினோம். ஆப்டிகலுக்கு 2.0 என்று வைப்பதுதான் சரி, 5.1 என்று மாற்றினால் அந்த டிரான்ஸ்கோடிங் வேலை செய்யாது. அதன்பின் ஏஏசி படத்துக்கும் 'டால்பி டி' வந்தது. வயருக்கு ஒன்றுமில்லை.

இதையொட்டி இன்னொரு பயமும் வரும். பாஸ்த்ரூவில் ஓடும்போது விண்டோஸின் வால்யூமை எவ்வளவு இழுத்தாலும் சத்தம் மாறாது. அது பழுதல்ல, ரிசீவர் ரிமோட்டில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும்.

எச்டிஎம்ஐ என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. சுருக்காத ஒலியே எட்டு சேனல் வரை போகும். ஆனால் கணினியிலிருந்து நேராக டிவிக்குப் போய், அங்கிருந்து ரிசீவருக்கு வந்தால் கதை வேறு. எச்டிஎம்ஐயில் எதிர்முனையில் இருக்கும் சாதனம் 'எனக்கு இன்னின்ன ஒலிதான் தெரியும்' என்று கணினிக்குச் சொல்லும். டிவி 'எனக்கு ஸ்டீரியோ போதும்' என்று சொல்லிவிட்டால், பின்னால் எவ்வளவு விலையுயர்ந்த ரிசீவர் இருந்தாலும் விண்டோஸ் ஸ்டீரியோவை மட்டுமே காட்டும். டிடிஎஸ்ஸை ஏற்காத டிவிகளும் சந்தையில் உண்டு. டிவியிலிருந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ வயரிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வழியாக ஏறக்குறைய ஆப்டிகல் அளவுக்குத்தான் கிடைக்கும், சுருக்காத பல சேனலுக்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். ரிசீவரில் எச்டிஎம்ஐ நுழைவு இருந்தால் கணினியை அதில் செருகி, அங்கிருந்து டிவிக்குப் படத்தை அனுப்புங்கள். டிவி, ரிசீவர் இரண்டையும் போட்டபின் கணினியை எழுப்புங்கள். முறை மாறினால் சில வீடுகளில் கணினி ரிசீவரைக் கண்டுகொள்ளாமல் வேறு ஒலிச் சாதனத்துக்குத் தாவிவிடும்.

பிறகு விண்டோஸ். ஒலிபெருக்கிச் சின்னத்தில் வலது கிளிக், சவுண்ட் செட்டிங்ஸ், அதன் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்'. சரியான சாதனம் டீஃபால்ட்டாக இருக்கிறதா பாருங்கள், பெரிய அப்டேட்டுக்குப் பின் இது மாறியிருக்கலாம். 'கன்ஃபிகர்' அழுத்தி 5.1 தேர்ந்து, 'டெஸ்ட்' போட்டு ஒவ்வொரு பெட்டியாகக் கேளுங்கள். ஆப்டிகல் சாதனத்துக்கு அங்கே 5.1 வராது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஹெட்ஃபோனுக்கான ஸ்பேஷியல் சவுண்ட் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஈசூனில் ஓர் அக்கா வீட்டில் தீபாவளிக்கு அலமாரியை நகர்த்திச் சுத்தம் செய்தபிறகு ஒரு விசித்திரம். "தம்பி, கதாநாயகி என் முதுகுக்குப் பின்னால நின்னு பேசுறா." அது கணினியிலிருந்து மூன்று வயர் போகும் பழைய 5.1 செட். பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின்னால் இருப்பவற்றுக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். கறுப்பும் ஆரஞ்சும் இடம் மாறியிருந்தன. படங்களில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். அதனால்தான் இரண்டே ஸ்பீக்கர் மாட்டிவிட்டு விண்டோஸில் 5.1 என்று வைத்தவர்களுக்கு இசை மட்டும் கேட்டு வசனம் காணாமல் போகிறது. அவர்கள் ஸ்டீரியோவுக்கு மாற்றினாலே பேச்சு திரும்பிவிடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு 10 மணிக்கு மேல் சப்வூஃபர் கீழ்வீட்டுக் கூரையில்தான் இடிக்கும். டால்பி ஒலி அப்படியே ரிசீவருக்குப் போனால் அதிலுள்ள 'நைட் மோட்' வெடிச்சத்தத்தை அடக்கிப் பேச்சைத் தூக்கிக்கொடுக்கும். கணினியே பிரித்து பிசிஎம்மாக அனுப்பினால் பல ரிசீவர்களில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. அப்போது விஎல்சி பிளேயரின் ஆடியோ எஃபெக்ட்ஸில் உள்ள கம்ப்ரசரைப் போட்டுவிட்டு, சப்வூஃபரின் பின்புறத் திருகைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.