யூனிட்டுக்கு முன்னால் ஹார்ன்

ஆடி மாதம் வந்துவிட்டால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம் கூம்புக் குழாய் ஏறிவிடும். அம்மன் பாட்டு நாலு தெரு தாண்டிக் கேட்கும். அந்தக் குழாயின் பின்னால் இருக்கும் யூனிட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கையில் அடங்கிவிடும். அதே வாட்டை வீட்டு ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் தெருமுனையைக்கூடத் தாண்டாது.

தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கரான ஊஃபரை எடுத்துக்கொண்டால், அதன் காகிதக் கூம்பு காற்றைத் தள்ளும்போது காற்று பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. கொடுக்கிற மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் ஒலியாக வெளியே வரும். மீதியெல்லாம் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான காயிலில் சூடாகப் போய்விடும். ஹார்ன் என்ற அந்தக் கூம்புக் குழாயின் குறுகிய கழுத்தில் காற்றுக்கு நழுவ வழியில்லை. யூனிட்டுக்குள் அதிரும் மெல்லிய தகடான டயாபிரம் தள்ளினால் முன்னால்தான் போயாக வேண்டும். கழுத்திலிருந்து வாய்வரை குழாய் மெல்ல மெல்ல விரிவதால், கழுத்தின் சிறிய பரப்பில் அதிக அழுத்தமாக இருந்த ஒலி, வாயின் பெரிய பரப்பில் குறைந்த அழுத்தமாக மாறி வெளிக்காற்றோடு சேர்கிறது. நல்ல ஹார்னில் நூற்றுக்கு இருபது, முப்பது பங்குவரை ஒலியாகும்.

கம்ப்ரஷன் டிரைவர் என்று சொல்லும் யூனிட்டின் பின்மூடியைத் திறந்தால் குடை கவிழ்த்த மாதிரி மெல்லிய டயாபிரம் தெரியும். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் வட்ட வட்டமாகக் கீறல் போட்ட ஒரு கட்டை இருக்கும். அதன் பெயர் ஃபேஸ் பிளக். டயாபிரத்துக்கும் அதற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு. கீறல்களின் மொத்தப் பரப்பு டயாபிரத்தின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன வழியில் காற்றை நெருக்கித் தள்ளுவதால்தான் கம்ப்ரஷன் என்ற பெயர். கீறல்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 15,000 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் இரண்டேகால் சென்டிமீட்டர்தான். டயாபிரத்தின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கிளம்பும் ஒலி வெவ்வேறு தூரம் நடந்து கழுத்துக்கு வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கீறல்கள் அந்தத் தூரங்களைச் சமப்படுத்துகின்றன. பெல் ஆய்வகத்தில் வென்ட்டும் துராஸும் உருவாக்கி, 1926-இல் பேசும்படத்துக்காக வந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 என்ற யூனிட் முதல் இன்று சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் கிடைப்பதுவரை அடிப்படை இதுவேதான்.

சரி, வீட்டு ஸ்பீக்கருக்கு ஹார்னும் யூனிட்டும் வாங்கப் போவோம். வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ வீட்டில் ஸ்பீக்கர் பாக்ஸ் அடிக்கும் பையன் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, நானூறு வாட்ல யூனிட் இருக்கா?" பதில், "இருக்கு தம்பி, எந்த ஹார்னுக்கும் செட் ஆகும்." மரை விஷயத்தில் கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஒரு இன்ச் வாய் உள்ள யூனிட்டுகளில் பெரிய குழப்பம் கிடையாது; திருகி மாட்டும் வகைக்குப் பெரும்பாலும் ஒரே மரை, போல்ட் வகைக்கு இரண்டு மூன்று துளை அமைப்புகள், அவ்வளவுதான். மாட்டுவது மாட்டிவிடலாம். அது ஊஃபரோடு எங்கே சேரும் என்பதை முடிவு செய்வது ஹார்னின் வாய். அதனால் வாட்டைக் கேட்பதற்கு முன் டேப்பை எடுத்து வாயை அளக்கச் சொல்வேன்.

காரணம் இது. சென்னை வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஆக 1,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 35 சென்டிமீட்டர். வாய் அலைநீளத்தைவிட ரொம்பச் சின்னதாக இருந்தால் ஹார்னின் சுவர்கள் அந்த ஒலியைப் பிடித்துத் திருப்ப முடியாது; அது தன் இஷ்டத்துக்கு நாலா பக்கமும் பரவும். எந்த இடம்வரை பிடி இருக்கும் என்பதற்கு டான் கீல் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணக்குச் சொன்னார். ஹார்ன் ஒலியை வீசும் கோணத்தை டிகிரியிலும் வாயின் அகலத்தை அங்குலத்திலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, வரும் எண்ணால் பத்து லட்சத்தை வகுக்க வேண்டும். 90 டிகிரி, 12 அங்குலம் என்றால் சுமார் 930 ஹெர்ட்ஸ். 6 அங்குலம் என்றால் 1,850.

இப்போது கடையில் கிடைக்கும் ஒரு சின்ன ஹார்னை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 90×40 என்று அச்சடித்திருக்கும்; அகலவாட்டில் 90 டிகிரி, உயரவாட்டில் 40 என்று அர்த்தம். அகலம் 10 அங்குலம், உயரம் 5. அகலவாட்டில் 1,100 ஹெர்ட்ஸ்வரை பிடி இருக்கிறது, பரவாயில்லை. உயரவாட்டில் போடுங்கள்: 40 பெருக்கல் 5, இருநூறு. பத்து லட்சத்தை வகுத்தால் 5,000 ஹெர்ட்ஸ்! அந்த 40 டிகிரி என்பது 5,000-க்கு மேலேதான் உண்மை. குரலும் பெரும்பாலான வாத்தியங்களும் வாழும் இடத்தில் அது தரைக்கும் கூரைக்கும் தாராளமாகப் பாய்கிறது. பத்துக்குப் பத்து அறையில் இது சின்னக் குறை கிடையாது. அதனால் சிறிய ஹார்ன் தேடுபவர்களுக்கு என் பரிந்துரை வட்டமாகவோ சதுரமாகவோ இருப்பது. கச்சேரி மேடைக்காகச் செய்த பட்டை வடிவங்களை வீட்டில் தவிர்க்கலாம்.

அப்புறம் ஊஃபர். ஊஃபரும் மேலே போகப் போக டார்ச் வெளிச்சம் போலக் குறுகும். 8 இன்ச் ஊஃபர் 90 டிகிரிக்குக் குறுகுவது சுமார் 2,000 ஹெர்ட்ஸில். 10 இன்ச் 1,600-இல். 12 இன்ச் 1,300-இல். 15 இன்ச் சுமார் 1,000-இல். ஊஃபரும் ஹார்னும் ஒரே கோணத்தில் வீசும் இடத்தில் கிராஸ்ஓவரை, அதாவது ஊஃபர் விட்டு ஹார்ன் எடுத்துக்கொள்ளும் எல்லையை, வைத்தால், பாயில் எங்கே உட்கார்ந்து கேட்டாலும் சுவரில் பட்டு வரும் ஒலியும் நேரே வரும் ஒலியும் ஒரே குணத்தோடு இருக்கும். கீலின் கணக்கைத் திருப்பிப் போட்டால் 12 இன்ச் ஊஃபருக்கு எட்டரை அங்குல வாய், 8 இன்சுக்கு ஐந்தரை அங்குல வாய். இது குறைந்தபட்சம். கொஞ்சம் தாராளமாக, ஊஃபர் அகலத்துக்குப் பக்கத்தில் போனால் நல்லது. 15 இன்ச் ஊஃபர் மேலே உள்ளங்கை அளவு ஹார்னை ஒட்டவைத்த பாக்ஸ்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு காதில் குத்துவதற்கு யூனிட்டைத்தான் திட்டுவார்கள்.

யூனிட்டின் முறை இப்போதுதான் வருகிறது. ஒரே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில், கொண்டுவர டயாபிரம் நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். அதற்கு முன்னால் இருக்கிற இடமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. போதாததற்கு, ஹார்னின் பிடி விட்டுப்போன இடத்துக்குக் கீழே காற்றின் எதிர்ப்பும் இல்லாமல் டயாபிரம் வெறுமனே ஆடும். 34 மில்லிமீட்டர் காயில் உள்ளவற்றை 2,000-க்கு மேலே வைப்பது பத்திரம். 44 மில்லிமீட்டர் காயில் என்றால் 1,300, 1,500 ஹெர்ட்ஸுக்கு இறங்கலாம். ஆக 8 இன்ச் ஊஃபருக்குச் சின்ன காயில் போதும், 12 இன்சுக்கு 44. இரண்டு இன்ச் வாய் உள்ள பெரிய யூனிட்டை வீட்டுக்கு வாங்குவது வீண் என்பது என் எண்ணம். விலையும் எடையும் கூடும், உச்சஸ்தாயி இனிமை குறையும்.

ஸ்டிக்கரில் இருக்கும் வாட் எண்ணை மறந்துவிடலாம். ஹார்னோடு சேர்ந்த யூனிட் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 108 டெசிபல் தருகிறது என்று வையுங்கள். ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாலே 78 டெசிபல். வண்ணாரப்பேட்டை வீட்டில் பக்கத்துச் சுவர்க்காரர் கதவைத் தட்ட அது போதும். இதில் இன்னொரு சிக்கல், ஆம்ப்ளிஃபயரின் 'ஸ்ஸ்' சத்தத்தையும் அது அதே அளவு பெரிதாக்கும். ஊஃபர் 92 டெசிபல் என்றால் ஹார்னை 16 டெசிபல் அடக்க வேண்டும். 8 ஓம் யூனிட்டுக்குத் தொடராக 6.8 ஓம், குறுக்கே 1.5 ஓம், இரண்டு வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர். 'ஸ்ஸ்'ஸும் கூடவே அடங்கும்.

ஒரே கோணத்தில் வீசும் ஹார்னில் மேல் சுருதி கொஞ்சம் மங்கலாக இருக்கும். டயாபிரத்துக்கு எடை உண்டு. சுமார் 3,500 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்த எடையே தடை. பழைய கூம்புக் குழாய்கள் மேலே போகப் போக ஒலியை நடுவில் குவித்து அந்தக் குறையை மறைத்தன. ஓரத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் நஷ்டம். புதிய வகையில் அதைச் சரிசெய்வது நம் வேலை. அந்த 6.8 ஓமுக்கு இணையாக 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் 5,000 ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து மேல் சுருதி எழும்பும். டி.எஸ்.பி. என்ற டிஜிட்டல் ஒலித் திருத்தி வைத்திருப்பவர்கள் போனிலேயே திருத்திக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் யூனிட்டை ஆம்ப்ளிஃபயரில் நேரடியாகக் கொடுக்கவே கூடாது. ஸ்விட்ச் போடும்போது வரும் ஒரு 'டொப்' டயாபிரத்தைக் கிழித்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்கும் யூனிட்டுக்கும் நடுவில், துருவம் (+, −) இல்லாத 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருந்தால், 8 ஓமில் அது 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிடும்.

வைக்கும்போது இரண்டு பாக்ஸையும் உள்பக்கம் திருப்புங்கள், சுமார் 45 டிகிரி, இரண்டின் பார்வையும் உங்களுக்குக் கொஞ்சம் முன்னால் வெட்டிக்கொள்கிற மாதிரி. பக்கச் சுவருக்குப் போகும் ஒலி குறையும். ஓரத்தில் இருப்பவருக்கு எதிர்ப்பக்க ஸ்பீக்கர் நேராகப் பார்ப்பதால் பாடகரின் குரல் நடுவிலேயே நிற்கும்.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. உப்புக் காற்று டெர்மினலில் பச்சை பூக்கவைக்கும், பெயிண்ட் இல்லாத அலுமினிய ஹார்னில் வெள்ளைப் பொடி படியவைக்கும். பிளாஸ்டிக் ஹார்ன் போதும், ஆனால் விரலால் தட்டிப் பாருங்கள். 'டங்'கென்று நீளமாக ஒலித்தால் வேண்டாம். பாக்ஸுக்கு எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகை மழைக்காலத்தில் ஊதிவிடும், பிளைவுட் எடுங்கள். வாங்கும்போது மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், 8 ஓம் யூனிட் சுமார் ஆறு ஓம் காட்டும். அந்த மாடலுக்கு டயாபிரம் தனியாகக் கிடைக்குமா என்றும் கடையிலேயே கேட்டுவிடுங்கள். கிடைத்தால் பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, காந்த இடுக்கில் ஒட்டிய இரும்புத்தூளை ஒட்டுநாடாவால் எடுத்துவிட்டு, புதியதை நடுவில் சரியாக உட்காரவைத்து, போனில் ஸ்வீப் டோன் (கீழிருந்து மேலே ஏறும் ஒற்றை ஒலி) ஓடவிட்டபடி 'கிர்'ரென்று உரசாத இடம் பார்த்து முறுக்க வேண்டியதுதான்.