தெருவில் தேங்கும் மழைநீர் யார் பொறுப்பு? இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் வாசலில் தண்ணீர் நிற்கிறது. கவுன்சிலுக்குப் போன் செய்தால் தண்ணீர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால் கவுன்சிலைக் கைகாட்டுகிறார்கள். இருவரும் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அதற்குப் பொறுப்பானவர் மாறிவிடுகிறார்.

2007 கோடையில் பெய்த பெருமழையில் ஏறத்தாழ 55,000 வீடுகளிலும் கட்டடங்களிலும் வெள்ளம் புகுந்தது. ஆறு கரை உடைத்ததைவிட, வடிய வழியில்லாமல் தெருவில் தேங்கிய நீரே பல ஊர்களை மூழ்கடித்தது. அந்த நீருக்குப் பொறுப்பேற்க அப்போது தெளிவாக ஒருவரும் இல்லை. சர் மைக்கேல் பிட் தலைமையில் நடந்த ஆய்வு இதைச் சுட்டிக்காட்ட, 2010-இல் வெள்ளம் மற்றும் நீர் மேலாண்மைச் சட்டம் வந்தது.

இன்றைய பங்கீடு இப்படி: பெரிய ஆறுகளும் கடலும் சுற்றுச்சூழல் முகமையின் கவனிப்பில். தரைமேல் ஓடும் மழைநீர், நிலத்தடி நீர், சிறு ஓடைகள் ஆகியவற்றால் வரும் வெள்ள அபாயம் கவுன்சிலின் கவனிப்பில். பொதுக் கழிவுநீர்க் குழாய்கள் தண்ணீர் கம்பெனியுடையவை. மோட்டார்வேகளையும் முக்கியமான ‘ஏ’ சாலைகளையும் தேசிய நெடுஞ்சாலை நிறுவனம் பார்க்கிறது. லண்டனின் சிவப்புக் கோட்டுச் சாலைகளை லண்டன் போக்குவரத்து அமைப்பு பார்க்கிறது. மற்ற பொதுச் சாலைகள் கவுன்சிலுக்கு. ஆனால் எந்தக் கவுன்சில்? இரண்டு அடுக்கு நிர்வாகம் உள்ள பகுதிகளில் உங்கள் குப்பையை எடுக்கும் மாவட்டக் கவுன்சில் அல்ல, அதற்கு மேலே உள்ள கவுண்டி கவுன்சில். பாதிப் புகார்கள் வழிதவறுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

சாலை வடிகாலைப் பற்றிய கடமை இன்னும் பழையது. 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, சாலையைப் பராமரிப்பது சாலை நிர்வாகத்தின் கடமை என்கிறது. பெயர்தான் நெடுஞ்சாலை, கவுன்சில் பராமரிக்கும் உங்கள் சந்தும் அதில் சேர்த்திதான். இருக்கும் வடிகாலை அடைப்பின்றி வைத்திருப்பதும் பராமரிப்பில் அடங்கும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வடிகாலே போதாது, புதிதாகப் பெரிதாகக் கட்டிக் கொடுங்கள் என்று இந்தப் பிரிவை வைத்துக் கேட்க முடியாது.

புகார் செய்யும் முன் சாலையோரத்து இரும்புக் கம்பி மூடியின் வழியே ஒருமுறை எட்டிப் பாருங்கள். கீழே ஆழமான வாளி போல ஒரு குழி இருக்கும். மணலும் இலையும் அதன் அடியில் தங்கிவிட, தண்ணீர் மட்டும் பக்கவாட்டுக் குழாயில் வெளியேறும். வெயில் காயும் நாளிலும் குழியின் அடியில் தண்ணீர் நிற்கும். அது அடைப்பு அல்ல. குழாயின் நாற்றம் மேலே வராதிருக்கப் பெரும்பாலும் அப்படித்தான் கட்டுகிறார்கள். மழை விட்டு வெகுநேரமாகியும் மூடி வரை நீர் தளும்பினால், அல்லது மூடிக்குச் சற்றுக் கீழேயே மண் மேடிட்டுப் புல் முளைத்திருந்தால், அது அடைப்பு. அதைக் கவுன்சிலின் இணையதளத்தில் சாலைப் பழுதாகப் பதியுங்கள். எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே என்று குறிப்பிட்டு, படமும் சேர்த்து, புகார் எண்ணை எடுத்து வையுங்கள். குழியில் தங்கிய மண்ணை உறிஞ்சி எடுக்கும் லாரி வரும் நாளில் அந்த மூடியின் மேல் கார் நின்றால் அதை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நம் காராகவும் இருக்கலாம்.

புகார் எண்ணை வலியுறுத்தக் காரணம் உண்டு. தேங்கிய நீரால் விபத்தோ சேதமோ நேர்ந்து இழப்பீடு கேட்டால், நியாயமான கவனத்துடன் பராமரித்தோம் என்று அதே 1980 சட்டத்தின் 58-ஆம் பிரிவின்படி கவுன்சில் வாதிடலாம். பழுது அவர்களுக்கு முன்பே தெரியுமா என்ற கேள்வி அப்போது எழும். உங்கள் தேதியிட்ட புகார்தான் அதற்குப் பதில்.

சாக்கடை மேன்ஹோல் மூடியே எழும்பி, நாற்றத்துடன் கழிவுநீர் பொங்கினால் நேராகத் தண்ணீர் கம்பெனியை அழையுங்கள். பல வீடுகள் சேர்ந்து பயன்படுத்தும் கழிவுக் குழாய்களில் பெரும்பாலானவை 2011 அக்டோபர் 1 முதல் அவர்களிடம் போய்விட்டன. தோட்டத்து ஓரமாக ஓடை ஓடினால் நிலைமை வேறு: பொதுவாக உங்கள் பக்கத்துப் பாதியைத் தூர்வாரி, நீர் தடையின்றி ஓடச் செய்வது உங்கள் பொறுப்பு. சாலையோரமாக நீர் ஓடும் வாய்க்கால் பள்ளமும் பல இடங்களில் பக்கத்து நிலத்துக்காரருடையதுதான். அதில் குழாய் புதைக்கவோ மூடவோ முன் அனுமதி வாங்க வேண்டும்.

வெள்ளம் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டால் 2010 சட்டத்தின் 19-ஆம் பிரிவு கைகொடுக்கும், ஓரளவுக்கு. கவுன்சில் விசாரித்து, யார் பொறுப்பு, அவர்கள் என்ன செய்தார்கள் என்று அறிக்கை வெளியிட வேண்டும். ஆனால் ‘தேவை என்று தான் கருதும் அளவுக்கு’ என்ற சொற்களும் அதே பிரிவில் இருக்கின்றன. எத்தனை வீடுகள் நனைந்தால் விசாரணை என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் பதிய வேண்டும். அறிக்கை வந்தாலும், அதில் சொன்னதைச் செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்த இந்தப் பிரிவில் இடமில்லை. மணல் மூட்டை தருவதும் கவுன்சிலின் சட்டக் கடமை அல்ல.

கார் நிறுத்த முன்தோட்டத்துக்குத் தளம் போட நினைப்பவர்களுக்கு ஒன்று. 2008 அக்டோபர் முதல், ஐந்து சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, மழைநீரைத் தெருவுக்குத் தள்ளினால் திட்ட அனுமதி தேவை. நீர் ஊடுருவும் கற்களைப் பதித்தாலோ, நீரைப் பூப்பாத்திக்குத் திருப்பினாலோ தேவையில்லை. உங்கள் வீட்டு மழைநீர் முழுவதும் சொந்த நிலத்திலேயே இறங்கி, பொதுக் குழாய்க்குப் போகவில்லை என்றால், கழிவுநீர்க் கட்டணத்தில் அதற்கான பகுதியைக் கழிக்கச் சொல்லித் தண்ணீர் கம்பெனிக்கு விண்ணப்பிக்கலாம். நாமாகக் கேட்டால்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.