ஹெச்பி கேட்கும் முன் டயரின் வயதைக் கேளுங்கள்

பழைய கார் வாங்குபவர்களுக்காக வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துச் சொல்வதுதான் மிச்சிகனில் என் வேலை. போன நவம்பரில் இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் ஃபோர்டின் 2018 மஸ்டாங் ஜிடி பேசி வைத்திருந்தார்; மற்றவருக்குச் செவ்ரோலேயின் கமாரோ எஸ்எஸ் மேல்தான் உயிர். இரண்டும் சக்திவாய்ந்த அமெரிக்க கார்கள்.

"460 ஹெச்பிண்ணா!" என்றார் இவர். "டார்க்ல கமாரோவைத் தொட முடியாதுண்ணா, 455" என்றார் அவர். ஹெச்பி இன்ஜினின் குதிரைத்திறன், டார்க் அதன் முறுக்குவிசை; இருவர் சொன்னதும் சரிதான். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மஸ்டாங்கின் பின் டயரிடம் போனேன்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 3517. அதாவது 2017-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரான டயர். பட்டன், அதாவது தரையைத் தொடும் மேல்பரப்பு, தேயாமல் நன்றாக இருந்ததால் விற்பவர் "புது டயர் மாதிரி" என்று சொல்லியிருக்கிறார். பள்ளங்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள்; ரப்பருக்கு வயதாகிவிட்டது. அதுவும் வெயில் காலத்துக்கான சம்மர் டயர். அன்று காலை வெளியே 3 டிகிரி செல்சியஸ். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே அந்த ரப்பர் இறுகத் தொடங்கி, பிடிமானம் குறைந்துவிடும். 460 ஹெச்பியும் பின் சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. அவை தரையைத் தொடும் இடமோ ஆளுக்கு ஓர் உள்ளங்கை அகலம். சிக்னலில் திரும்பும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய் நடைபாதை விளிம்பில் மோதும். பின் சக்கரமும் சஸ்பென்ஷனும் வளைந்து என் லிஃப்டில் ஏறிய வண்டிகளில் பலவற்றுக்கு இதே கதைதான்.

இந்தத் தேதி பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளியே தெரியாவிட்டால் அடியில் குனிந்து உட்பக்கம் பாருங்கள். நான்கு டயரையும் பாருங்கள்.

எது நல்ல வண்டி என்று கேட்டால் எந்த வருட மாடல் என்று நான் திருப்பிக் கேட்பேன். 2014 வரையிலான மஸ்டாங் ஜிடியில் பின்னால் ஒரே திட அச்சு. வளைவில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்ற சக்கரமும் ஆடும். 2015-இல் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தபிறகு அது வேறு வண்டி. கமாரோவுக்கு 2010-லேயே அது வந்துவிட்டது. வளைவுகளில் 2016-க்குப் பிந்தைய கமாரோவுக்குத்தான் என் ஓட்டு; ஆனால் ஜன்னல் குறுகல், ரிவர்ஸ் எடுக்கும்போது பாதி உலகம் மறைந்துவிடும். நீண்ட பயணத்துக்கும் பின்சீட்டுக்கும் இவற்றின் போட்டியாளரான டாட்ஜ் சேலஞ்சர். 2015-இல் வந்த அதன் ஹெல்கேட் என்ற அதிசக்தி மாடல் 707 ஹெச்பி. இரண்டு சாவி கொடுத்தார்கள்: சிவப்பில் முழு சக்தி, கறுப்பில் ஏறக்குறைய 500. பிள்ளைகள் ஓட்டும் வீட்டில் சிவப்புச் சாவி பெற்றோரிடம் இருக்கட்டும்.

விவாதங்களில் யாரும் எடுக்காத விஷயம் மோதல் சோதனை. 2016-இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐஐஹெச்எஸ் மூன்றையும் சோதித்தது. ஓட்டுநர் பக்க முன்பகுதியில் கால் பங்கு மட்டும், 64 கிலோமீட்டர் வேகத்தில், தடுப்பில் மோதவேண்டும். இதில் கமாரோ 'நன்று', மஸ்டாங் 'ஏற்கத்தக்கது', சேலஞ்சர் அதற்கும் கீழே. சேலஞ்சருக்குள் இருந்த பொம்மையின் இடது பாதம் நசுங்கிய பகுதியில் சிக்கிக்கொண்டது. காலைக் கழற்றித்தான் பொம்மையை வெளியே எடுத்தார்கள். கமாரோவுக்கும் கூரை வலிமையில் மதிப்பெண் குறைந்தது. மூன்றில் ஒன்றுகூட அவர்களின் சிறந்த பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெறவில்லை.

மஸ்டாங்கின் இன்ஜினிலும் பிரேக்கிலும் குறை இல்லை. டயர் தேதியைப் படமெடுத்து விற்பவருக்கு அனுப்பச் சொன்னேன். நான்கு டயரின் விலையைக் குறைத்துக்கொடுத்தார். மறுவாரம் ஆல்-சீசன் டயர் மாட்ட அதே வண்டி வந்தது, கூடவே அந்த நண்பரும். தான் பார்த்து வைத்திருந்த கமாரோவின் டயர் படத்தைச் செல்போனில் நீட்டினார்.

"இதுல 0816-னு போட்டிருக்குண்ணா. விற்கிறவர்கிட்ட என்ன கேட்கணும்?"