கறுத்த ஒயிலும் காவல் துவக்கும்

போன பெரும்போகத்தில் ஒரு ஐயா சோடாப் போத்தலோடு என் கராஜுக்கு வந்தார். "தம்பி, கழிச்ச ஒயில் கொஞ்சம் விடு" என்றார். என்ஜினில் ஓடிக் கறுத்து, மாற்றும்போது வடிக்கிற பழைய ஒயிலைத்தான் அப்படிச் சொல்வார்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் எந்த மெக்கானிக்கிடமும் அடிக்கடி கேட்கிற விஷயம்தான். வேலித் தூணில் கறையான் ஏறாமல் பூச, கதவுப் பிணைச்சலுக்கு விட, சைக்கிள் செயினுக்கு என்று வாங்கிப் போவார்கள். நானும் கேள்வி கேட்காமல் வருடக்கணக்காகக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஏதோ நினைத்து, "எதுக்கு ஐயா?" என்று கேட்டேன்.

"துவக்குக்கு" என்றார்.

பன்றிக் காவலுக்கு அவர் வைத்திருக்கிற, அனுமதிப்பத்திரம் உள்ள ஒற்றைக்குழல் துவக்கு. நான் போத்தலை நிரப்பவில்லை.

துவக்கு என்ற சொல்லை வன்னியில் இருந்து எழுதும்போது கை ஒருமுறை நிற்கும். ஆனாலும் வயற்காரர் சிலரிடம் அது சட்டப்படி இருக்கிறது. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி எடுத்து வைத்திருக்கிறார்கள். பத்திரத்தைக் கவனமாகப் பார்க்கிறவர்கள் ஒயிலைப் பற்றி யோசிப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இடியன் துவக்கு (குழல் வாயால் மருந்து இடித்து நிரப்புவது), கட்டுத்துவக்கு (கம்பியில் இடறினால் தானே வெடிக்கக் கட்டி வைப்பது) வைத்திருப்பவர்களுக்கு என்னிடம் ஒயில் ஆலோசனை கிடையாது. அவற்றைக் கைவிடுங்கள். கட்டுத்துவக்குக்குப் பன்றியும் தெரியாது, விறகு பொறுக்கப் போன மனிசியும் தெரியாது.

எங்கள் ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். காபரேட்டருக்கு இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். இருப்பதை வைத்துச் சமாளித்த அந்தக் கெட்டித்தனம் இல்லாவிட்டால் அந்த வருடங்களைத் தாண்டியிருக்க மாட்டோம். ஆனால் "வழுக்கினால் அது ஒயில்தானே" என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. இப்போது கடையில் எல்லாம் கிடைக்கிறது, எண்ணம் மட்டும் மாறவில்லை.

என்ஜின் ஒயில் மூடிய இடத்தில் வேலை செய்யச் செய்தது. பம்ப் அதைச் சுற்றிவிடும், பில்டர் அழுக்கைப் பிடிக்கும், சூடு ஈரத்தை ஆவியாக்கும். 20டபிள்யூ-50 என்று போத்தலில் இருக்கிறதே, அந்த 50 என்பது 100 பாகை செல்சியஸ் சூட்டில் அதன் தடிப்பைக் காட்டுவது. காவல் கொட்டிலில் தொங்கும் துவக்கில் அந்தச் சூடு எங்கே? பம்ப் எங்கே, பில்டர் எங்கே? அங்கே அது தடித்துப்போய் நிற்கும், வருகிற தூசியை எல்லாம் பிடித்து வைக்கும். இது புது ஒயிலின் கதை.

கழிச்ச ஒயில் வேறு சாமான். ஐயாவுக்குக் காட்ட ஒரு வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டேன். கொஞ்ச நேரத்தில் நடுவில் கரி வட்டம், அதைச் சுற்றி மண்ணிறத்தில் ஒரு வளையம், வெளியே எண்ணெய் மட்டும் ஈரமாகப் பரவியது. அந்தக் கறுப்பில் இருப்பது எரிந்த புகைக்கரி, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள், எரியாத எரிபொருள், அமிலம். என்ஜினே வேண்டாம் என்று கழித்த அழுக்கு அது. அதை இரும்பில் பூசினால் துருவைத் தடுக்கும் என்று நம்புகிறோம், ஆனால் அதில் உள்ள அமிலமே இரும்பைத் தின்னும்.

அன்று பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். துவக்கைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை, அதனால் தொடவில்லை. அவரே மடித்துத் திறந்து, குழல் வெறுமையாக இருப்பதைக் காட்டினார். மடிப்பு மூட்டில் கறுத்த பசை. ஒரு நெருப்புக்குச்சியால் சுரண்டச் சொன்னேன். குச்சி நுனியில் வந்ததை விரலில் தேய்த்தால் நறநறவென்றது, வயல் வரம்பு மண். தோட்டாவைத் தட்டும் ஊசி வெளியே வருகிற துளையைச் சுற்றியும் அதே பசை. பிடங்கு, அதாவது தோளில் வைக்கிற மரப்பகுதி, இரும்போடு சேருகிற இடத்தில் மரம் கறுத்து, நகம் வைத்தால் அமுங்கியது. துவக்கைச் சுவரில் குழல் மேலே பார்க்கச் சாத்தி வைத்திருக்கிறார். விட்ட ஒயில் எல்லாம் வருடக்கணக்காக வழிந்து மரத்துக்குள் இறங்கியிருக்கிறது.

அப்புறம் ஒன்று சொன்னார், எனக்கு வயிறு கலங்கியது. "சில நேரம் ரெண்டாந்தரம் தட்டினால்தான் பத்துது."

பசை பிடித்த ஊசி வேகமாக ஓடாது. தோட்டாவின் அடியில், முதலில் பொறி தருகிற மருந்துக் குப்பியில் மெதுவாகத்தான் தட்டும். சில வேளை பத்தாது. சில வேளை கொஞ்சம் பிந்திப் பத்தும், அதுதான் பயங்கரம். பத்தவில்லையே என்று உடனே மடித்துத் திறக்கிற கைக்குள், முகத்துக்கு நேரே, அது வெடிக்கலாம். போதாக்குறைக்கு அவர் தோட்டாக்களையும் அந்த ஒயில் துணியால் துடைத்து வைத்திருந்தார். ஒயில் குப்பிக்குள் ஊறினால் மருந்து கெடும். தோட்டா இருக்கிற இடத்தில் ஒயில் நின்றாலும் கூடாது, வெடிக்கும்போது பின்பக்கத்துக்கு உதைப்புக் கூடும். தோட்டாவும் அதன் இருப்பிடமும் காய்ந்து இருக்க வேண்டும்.

தட்டியும் வெடிக்கவில்லை என்றால் குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி அசையாமல் நில்லுங்கள். அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். இதை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பிரேக் ஒயிலையும் சிலர் பூசுகிறார்கள். பெயரில்தான் ஒயில் இருக்கிறது. டொட் 3, டொட் 4 என்று வருவது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வார்னிஷை உரித்தெடுக்கும். கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். ஓட்டோ கியர் வண்டிக்கு விடுகிற சிவப்பு ஒயில் வேறு வகை. மெல்லியது, வழுக்கும். அமெரிக்காவில் அதோடு மண்ணெண்ணெயும் அசிற்றோனும் இன்னொரு கரைப்பானும் கலந்து துவக்குத் துப்புரவு செய்கிறார்கள், எட்ஸ் ரெட் என்று அதற்குப் பெயர். ஆனால் அசிற்றோன் ஆவி குப்பி விளக்குப் பக்கத்தில் பற்றினால் கொட்டிலே போய்விடும், இங்கே அது வேண்டாம். டபிள்யூடி-40 ஐ விசிறிவிட்டு வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். அது ஈரத்தை விரட்ட 1953 இல் செய்தது, பெரும்பகுதி ஆவியாகிப் போய் மெல்லிய படை மட்டும்தான் மிஞ்சும்.

சரி, எதை விடுவது? துவக்குக்கென்று விற்கிற ஒயில் கிடைத்தால் அதுதான் நல்லது. இல்லாவிட்டால் தையல் மெசின் ஒயில், மூட்டுக்கு ஒரு துளி. முதலில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துவக்கை மடித்துத் திறந்து குழல் வெறுமையா என்று பாருங்கள். பழைய பசையை மண்ணெண்ணெய்த் துணியால் எடுத்துக் காயவிடுங்கள். மாரியில் வெளி இரும்பில் துணியால் மெல்லப் பூசுங்கள், ஈரம் பிடிக்கும் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். குழலுக்குள் பூசியதைச் சுடுவதற்கு முன் காய்ந்த துணியால் துடையுங்கள். சேமிக்கும்போது குழல் வாய் கீழே இருக்கட்டும்.

என் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வருடம் கையுறை இல்லாமல் கழிச்ச ஒயிலில் வேலை செய்தேன், பிறகு பெற்றோலில் கை கழுவினேன். விரல் இடுக்குகள் வெடித்து, சோறு பிசைந்தால் எரிகிற நிலை வந்தது. தோல் மருத்துவர் ஒயிலைத்தான் காரணம் சொன்னார். கழிச்ச ஒயில் அடிக்கடி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரும் அபாயமும் இருக்கிறது. அதை மாட்டுப் புண்ணில் பூசுகிறவர்களும், ஒயில் துணியைச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு திரிகிறவர்களும் இதைக் கேளுங்கள்.

ஐயாவுக்கு அடுத்த நாள் தையல் மெசின் ஒயில் போத்தல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூட்டும் ஊசியும் இப்போது சுத்தம், ஒரே தட்டில் பத்துகிறது என்றார். பிடங்கின் கறுத்த மரம் மட்டும் இறுகவில்லை. அதை மாற்றும் வரை சுட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் போகம் தகரம் தட்டித்தான் பன்றி கலைக்கிறார்.