29 ஜிபி காலியா கெடக்கு, ஆனா 5 ஜிபி வீடியோ ஏற மாட்டேங்குது!

தைப்பூசம் முடிஞ்ச மறுநாள் எங்க புளோக் எட்டாவது மாடி அக்கா லேப்டாப்பும் கையுமா வந்து நின்னாங்க. மகன் காவடி எடுத்தத இங்க சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோட்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் கூடவே போயி எடுத்த வீடியோ, 5 ஜிபி சொச்சம். ஊர்ல இருக்கிற அப்பத்தாவுக்குக் குடுத்தனுப்ப 32 ஜிபி மெமரி கார்டு (கம்ப்யூட்டர் கணக்குல 29 சொச்சம்) புதுசா வாங்கிருக்காங்க, காப்பி போட்டா "ஃபைல் ரொம்பப் பெருசு"ங்குது. "கார்டு பூரா காலியாத்தானே தம்பி இருக்கு, அப்புறம் என்ன பெருசு?"

கார்டு ஓரத்துல இருக்கிற லாக் பொத்தான் கீழ இறங்கியிருந்தா எதுவுமே ஏறாது. விலை கம்மின்னு வாங்குன போலி கார்டா இருந்தா ஏறுன மாதிரி காட்டிட்டு அப்புறம் தெறக்காது. இங்க ரெண்டும் இல்ல. சின்னச் சின்ன போட்டோ எல்லாம் ஜம்முனு ஏறுது, திரும்பத் தெறக்குது.

கார்டுக்குள்ள ஒரு பதிவேடு இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் அதுதான். இந்தக் கார்டு ஃபேட்32ங்கிற முறையில ஃபைல அடுக்கி வைக்குது, அதுப்படி ஒவ்வொரு ஃபைலுக்கும் பதிவேட்டுல 32 பைட்ல ஒரு வரி, பேருக்கு 8, ஜேபிஜி மாதிரி வாலுக்கு 3, தேதி நேரம், ஃபைல் எங்க ஆரம்பிக்குதுங்கிற விவரம் எல்லாம் போக கடைசி 4 பைட்ல ஃபைலோட சைஸ எழுதணும். 4 பைட்னா 32 கட்டம், ஒவ்வொண்ணுலயும் 0 இல்லன்னா 1. எல்லாத்துலயும் 1 போட்டா 4,294,967,295 பைட், அதாவது 4 ஜிபி. அதுக்கு மேல ஒரே ஒரு பைட் கூடுனாலும் எழுதக் கட்டம் கெடையாது. ஃபோர் டிங்கிற நாலு இலக்க லாட்டரி சீட்டுல 10000ன்னு நம்பர் எடுக்க முடியுமா? கையில எவ்வளவு காசு இருந்தாலும் முடியாது, கட்டமே நாலுதானே. அதே கததான், கார்டுல எடம் இருக்கு, அளவ எழுத எடமில்ல.

(இதக் கேட்டதும் அக்கா வீட்டுக்காரரு 4294ன்னு ஃபோன்ல குறிச்சிக்கிட்டாரு. எந்த நம்பருக்கும் மொதப் பரிசு விழுற வாய்ப்பு பத்தாயிரத்துல ஒண்ணுதாண்ணேன்னு சொன்னேன், அவரு கேட்டாத்தானே.)

ஃபேட்32 வந்தது 1996ல, அப்ப வீட்டு கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்கே ஒண்ணு ரெண்டு ஜிபிதான், 4 ஜிபில ஒத்த ஃபைல் வரும்னு யாரு நெனச்சா? நெறைய கேமரா நீளமான வீடியோவ 4 ஜிபிக்கு ஒரு துண்டா வெட்டுறதும் இதனாலதான், ரிப்பேருன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க.

2006ல வந்த எக்ஸ்ஃபேட்ங்கிற புது முறையில சைஸுக்கு 8 பைட். கார்டுல இருக்கிறத வேற எடத்துல எடுத்து வச்சிட்டு (ஃபார்மட் பண்ணா எல்லாம் போயிடும்!) எக்ஸ்ஃபேட்டா ஃபார்மட் பண்ணா முழு வீடியோவும் ஏறிடும். பண்ணிப் பாத்தோம், ஏறிடுச்சு. அப்புறம்தான் அக்கா சொல்றாங்க, அப்பத்தா வீட்டு டிவி பழசு, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு. பழைய டிவி பலதுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது. மறுபடி ஃபேட்32க்கே மாத்தி, வீடியோவ காவடி சிலிகி ரோடுகிட்ட வர்ற எடத்துல ரெண்டா வெட்டிப் போட்டுக் குடுத்தேன்.